நாள் பார்க்காத வீடு

தினசரி காலண்டரில் நல்ல நேரம் பார்க்கிறவர்கள் உண்டு, ராசிபலன் பார்க்கிறவர்கள் உண்டு. எங்கள் கோடி வீட்டு அக்கா நட்சத்திரம் மட்டும் பார்ப்பார். காலையில் பல் துலக்க வெளியே வரும்போதே என் வாசலில் நின்று, "கண்ணு, இன்னிக்குச் சதயம் எத்தன மணி வரைக்கும்னு போட்டிருக்குது?" என்பார். அவர் வீட்டிலும் காலண்டர் இருந்தது. மளிகைக்கடைக்காரர் கொடுத்தது. என் வீட்டில் தொங்கியது நகைக்கடை காலண்டர். இரண்டும் கொஞ்சம் முன்னே பின்னே சொல்லும். அந்தக் கொஞ்சம் அவருக்கு ரொம்ப முக்கியம்.

பக்தி என்றுதான் நினைத்தேன். ஏதோ விரதம் இருக்கிறார், மருதமலைக்கு நேர்ந்திருக்கிறார் என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஆனால் கோயிலுக்குப் போய் நான் அவரைப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவதோடு சரி.

கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் நெருக்கியடித்து நிற்கிற ஒரு சந்தில் எங்கள் லைன் வீடுகள் இருந்தன. ஒரு காலத்தில் சோளக்காடாம். ஓனர் காட்டை விற்க மனசில்லாமல் வரிசையாக வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டார். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. குழாய் பொது, கக்கூஸ் பொது, அதற்கு முன்னால் காலையில் நடக்கும் சண்டையும் பொது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ஒறம்பரை வந்தால் ராத்தங்கக் கூடாது, கறி எடுத்தால் கழுவின தண்ணீரை வாசலில் ஊற்றக் கூடாது. எழுத்தில் எதுவும் கிடையாது. எழுத்தில் இருந்தால்தானே எதிர்த்துப் பேச முடியும்! எங்கள் ஓனர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கொங்கு மரியாதை உடம்பில் ஊறிய மனிதர். வீட்டைக் காலி பண்ணச் சொன்னால்கூட மூன்று 'ங்க' போட்டுத்தான் சொல்வார்.

நான் அப்போது ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கடைசி வீடு. அதனால் கோடி வீட்டு அக்கா. பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலையை வீட்டிலேயே செய்தார். கம்பி சுற்றிச் சுற்றி ஆள்காட்டி விரல் காய்ப்புக் காய்த்திருக்கும். அவர் கணவர் பவுண்டரியில் மணல் வேலை பார்த்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். நான் குடிவந்தபோதே அவர் வேலையை விட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். படுத்தால் மூச்சு வராது.

மாதத்தில் சில நாட்கள் அக்கா அவரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். ஒரு பையில் துணி, ஒரு பையில் மாத்திரை, இன்ஹேலர், தலையணை. பல்லடத்தில் அக்காவின் தம்பி வீடு. தறி ஓட்டிச் சொந்தமாகக் கட்டிய வீடு. அந்த மனிதர் பஸ் ஸ்டாப் வரைக்கும் நின்று நின்றுதான் போக முடியும். "ஏனுங்கண்ணா, இந்த உடம்போட எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு மாசம் அஞ்சு நாள் தூரமுங்க அம்மணி," என்றார் அவர். "ஊட்டுல இருக்கக் கூடாதாமா."

சிரித்து, அந்தச் சிரிப்பே இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

விஷயம் ஓனர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவிட்டத்தில் தொடங்கி ரேவதி வரைக்கும் வரிசையாக வருகிற ஐந்து நட்சத்திரங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்கு அடைப்பு. மாதக்கணக்கில் பூட்டிப் போட வேண்டும். செத்தவர் அங்கேயே சுற்றுவார், இன்னொரு உயிரையும் கூப்பிடுவார் என்பது நம்பிக்கை. எங்கள் லைனில் முன்பு ஒரு வீட்டில் அப்படி நடந்து, ஆறு மாதம் பூட்டிக் கிடந்ததாம். திறந்த பிறகும் யாரும் குடிவரவில்லையாம். பக்கத்து வீடுகளும் காலியாகிவிட்டனவாம். அதற்கப்புறம் சீக்காளி இருக்கிற வீடுகளில் ஓனரே வந்து பேசிவிட்டுப் போவார். அக்காவிடம் இரண்டாம் தடவை வந்து பேசியபோது நான் குழாயடியில் இருந்தேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. அவருக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நல்லா இருப்பாரு. ஒருவேளை ஏதாச்சும் ஒண்ணுன்னா, முன்னக்கூட்டியே ஒரு வார்த்த சொல்லிப்போட்டீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எமனிடம் தேதி வாங்கி இவரிடம் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆகட்டுமுங்க," என்றார். அவ்வளவுதான். ஓனர் முதல் தடவை பேசிவிட்டுப் போன நாளிலிருந்துதான் இந்தக் காலண்டர் பார்ப்பதும் பல்லடம் பயணமும்.

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பரிதாபம் இல்லை, எரிச்சல்தான். அவர் எப்போதும் ஓனர் பக்கம் இருந்துதான் யோசிப்பார். இந்த அலைச்சல் வேண்டாம், வேறு வீடு பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்கிய கேட்டெல்லாம் தட்டினோம். என்ன ஆளுங்க, எத்தனை பேர், கறி திங்கறீங்களா, வண்டி இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்வார். "எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சுல சீக்குங்க. ரொம்ப நாள் தாங்க மாட்டாருன்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க." அத்தோடு பேச்சு முடிந்துவிடும். எங்களுக்கு ஒன்றுமில்லைங்க, ஆனால் மேல் மாடியில் இருப்பவர்கள் ஒத்துக்க மாட்டார்கள் என்பார்கள். சில பேர் காபி குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள்.

"இருமல்னு சொன்னாப் பத்தாதாக்கா? எதுக்கு இதையெல்லாம் சொல்றீங்க?" என்று ரோட்டிலேயே சத்தம் போட்டேன்.

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவிய ஊடுதான கண்ணு பூட்டிக் கெடக்கும். கடன வாங்கிக் கட்டிருப்பாங்க. அவிய பொழப்பையும் பாக்கோணுமல்ல."

இரண்டு பேரும் ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

பல்லடம் பயணமும் ஒரு நாள் முடிந்தது. தம்பி மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாதம் தவறாமல் வருகிறார்கள், ரேவதி முடிந்த மறுநாள் காலையில் கிளம்பிவிடுகிறார்கள். "அவ ஊட்டுலயும் காலண்டர் தொங்குதில்ல கண்ணு," என்றார் அக்கா. அந்தப் பெண் சண்டை எதுவும் போடவில்லை. அடுத்த மாதம் இவர்கள் போனபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு எங்கேயோ போயிருந்தாள். இவர்கள் தறி ஷெட் நிழலில் உட்கார்ந்துவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பினார்கள். தம்பி மனைவி மீதும் அக்காவுக்குக் கோபம் இல்லை. அவள் பயப்படுவது நியாயம்தானே, குழந்தைகள் இருக்கிற வீடு என்றார். எனக்குத்தான் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு பெரியாஸ்பத்திரி. அந்த நாட்கள் வந்தால் மூச்சு அதிகமாகிவிட்டது என்று சொல்லி வார்டில் சேர்த்துவிடுவார். கட்டில் கிடைக்காவிட்டால் தரையில் பாய். "ஆஸ்பத்திரிக்கு அடைப்புக் கெடையாது கண்ணு. அங்க எந்த நட்சத்திரத்துல வேணாலும் போலாம்." இதை அவர் ஒரு வசதியைச் சொல்வது போலச் சொன்னார். அந்த மனிதருக்கு ஆஸ்பத்திரி பிடிக்காது. பக்கத்துக் கட்டிலில் சாகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடப்பார். "என்னய ஊட்டுல வெச்சே அனுப்பிப்போடு," என்று அக்காவிடம் கெஞ்சுவார். மெல்லிய சுவர்கள், எல்லாம் கேட்கும். அதற்குப் பிறகு அக்கா கம்பி சுற்றும் சத்தம் கேட்கும்.

சொந்த வீடு இல்லாதவர்களுக்கு அரசாங்கம் அடுக்குமாடி கட்டிக் கொடுக்கிறது, எழுதிப் போடலாம் என்று சொன்னது மருந்துக்கடைக்கு வந்த ஒரு அம்மாள். அக்கா முதலில் நம்பவில்லை. பிறகு விடாப்பிடியாக நின்றார். ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, இந்த நாட்டில் எங்கேயும் எங்களுக்குச் சொந்த வீடு இல்லை என்று ஒரு உறுதிமொழி. கையெழுத்துப் போடும்போது, "இத எழுதி வேற குடுக்கோணுமா, எங்களப் பாத்தாத் தெரியாதா?" என்றார் அவர் கணவர். பங்குத் தொகைக்கு அக்காவின் தோடு போனது. அதற்கப்புறம் காத்திருப்பு. இன்றைக்கு ஒதுக்கீடு, நாளைக்கு ஒதுக்கீடு என்று போய்க்கொண்டே இருந்தது.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நானும் அந்த ஆபீஸுக்குக் கூடப் போனேன். கவுண்டரில் ஒரு சின்ன வயசுப் பெண் இருந்தாள். அன்றைக்கு எத்தனை பேருக்குப் பதில் சொன்னாளோ, களைத்துப் போயிருந்தாள். "அடிக்கடி வந்தா மட்டும் வந்துருமாம்மா? வரிசைப்படிதான் வரும். அப்படி என்ன அவசரம்?" என்றாள்.

"அவரு வரிசைப்படி போவாருங்களான்னு தெரியலைங்க," என்றார் அக்கா. "எங்கூட்டுக்காரரு சாகறதுக்கு ஒரு ஊடு வேணுமுங்க சாமி. அதுக்குத்தானுங்க."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு அக்காவையே பார்த்தாள். அப்படியெல்லாம் பேசாதீர்கள் அம்மா என்று ஏதோ சொன்னாள். அவளால் அவ்வளவுதான் முடியும். வீடு கேட்கிறவர்கள் வாழ்வதற்குத்தான் கேட்பார்கள் என்று நினைத்துத்தானே எல்லாத் திட்டத்தையும் போடுகிறார்கள்.

வீடு கிடைத்தது. ஊருக்கு வெளியே, காந்திபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஐந்தாவது மாடி. சீக்காளி இருக்கிறார், கீழ்த்தளம் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டுமாம். மூச்சு வாங்குவதற்குச் சான்றிதழ் இல்லை. சாவி கொடுத்த அன்று அதிகாரி ஒருவர் மைக்கில் விதிகளைச் சொன்னார். வாடகைக்கு விடக் கூடாது, விற்கக் கூடாது, பூட்டிப் போடக் கூடாது. குடியிருக்காமல் பூட்டிக் கிடந்தால் ஒதுக்கீடு ரத்து. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். விதி என்று யார் எதைச் சொன்னாலும் அவர் தலையாட்டிவிடுவார்.

குடி போன அன்று லிப்ட் ஓடவில்லை. அந்த மனிதரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்துத் தூக்குகிறவர்கள் மூச்சு வாங்க, "எனக்குத்தானுங்க சீக்கு, உங்களுக்கென்ன?" என்றார். மேலே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் அதற்கப்புறம் கீழே இறங்கவேயில்லை. ஆனால் முகம் தெளிந்திருந்தது. அக்கா அன்றைக்கே கடப்பாரை மாதிரி ஒரு ஆணியைக் கொண்டுவந்து, சுவரில் ஓங்கி அடித்து, கல்யாண போட்டோவை மாட்டினார். கொஞ்சம் சிமென்ட் பெயர்ந்து விழுந்தது. "உழுந்தா உழுகுது. எம்பட ஊடுதான," என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கும் ஏனோ அழுகை வந்துவிட்டது.

அந்த மாதம் அவிட்டம் வந்தது, சதயம் வந்தது. அவர்கள் எங்கும் போகவில்லை. நான் போன் பண்ணிக் கேட்டேன். "இங்கத்தாலயே இருக்கறாரு கண்ணு. தக்காளிச் சோறு கேட்டாரு, ஆக்கிக் குடுத்தேன்," என்றார். டாக்டர் சொன்ன கணக்கைத் தாண்டியும் அவர் இருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா சுற்றும் கம்பியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்வாராம். அவர்களுக்கு நிம்மதி என்று ஒன்று கிடைத்தது அந்த மாதங்களில்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். கீழே வண்டி நிறுத்தும் ஷெட்டில் வைத்துவிடலாம், வருகிறவர்களுக்கு வசதி என்று அக்கம்பக்கத்தில் சொன்னதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "மாடி ஏறி வந்து பாக்கறவிய பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டாராம். பவானியிலிருந்து அவர் கணவரின் அண்ணன் வந்திருந்தார். வந்து அழுது, முகத்தைத் துடைத்துக்கொண்டு, செல்போனை எடுத்து நட்சத்திரம் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சதயம்.

"ஆறு மாச அடைப்பு," என்றார் பெரியவர்.

அதற்கப்புறம் அங்கே அழுகிறவர்களைவிடப் பேசுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் ஒருவர். ஐந்தாவது மாடியில் சுவரை இடித்தால் பிணத்தோடு நாமும் போய்ச் சேர வேண்டியதுதான் என்றார் இன்னொருவர். எதிர்வீட்டுப் பெண் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். பூட்டினால் வீடு கையை விட்டுப் போய்விடுமே என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஊடு போனா இன்னொரு ஊடு வாங்கிக்கலாமுங்க. உசுரு போனா வருமுங்களா?" என்றார். இன்னொரு வீடு! அதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

அக்கா கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனுஷி தலையாட்டிவிடுவார் என்றே நினைத்தேன். எத்தனை பேருடைய வீட்டுக்காக எத்தனை வருஷம் இந்த நட்சத்திரத்துக்குப் பயந்தவர்! அவரைவிட இதை நம்பியவர் அந்த ஹாலில் யாருமில்லை.

"சாவியக் குடு அம்மணி. காரியம் முடிஞ்சதும் பூட்டிக்கிட்டு எங்கூடப் பவானிக்கு வந்துரு," என்றார் பெரியவர்.

"இல்லீங்க மாமா. நான் பூட்ட மாட்டேனுங்க."

"நீ பாக்காத நட்சத்திரமா அம்மணி? உனக்குத் தெரியாததா?"

"அது அடுத்தவிய ஊடுங்க மாமா. அடுத்தவிய ஊட்டுல சாகறதுக்குத்தானுங்க நாள் பாக்கோணும்."

குரலை உயர்த்தவில்லை. எழுந்து உள்ளே போய், வந்தவர்களுக்குக் காபி கலக்கச் சொல்லிவிட்டு மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார். வாசல் வழியாகத்தான் எடுத்தார்கள். லிப்டில் பாடை நுழையவில்லை, படியில்தான் இறக்கினார்கள்.

காரியம் முடிந்த அடுத்த வாரம் போனேன். அந்த மாடியில் அக்கா வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. மற்றக் கதவுகளிலெல்லாம் வேப்பிலை செருகியிருந்தார்கள். உறவுக்காரர்கள் ஒருவர்கூடத் தங்கவில்லை. அக்கா தனியாக உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நடுவீட்டில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரொம்ப மெலிந்துவிட்டார். எனக்கே உள்ளே காலை வைக்கக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது.

உட்கார்ந்து டீ குடித்தோம். கிளம்பும்போது கேட்டுவிட்டேன். "ஏனக்கா, ராத்திரில தனியா, கதவையும் தாழ் போடாம படுக்கறீங்களாமே. பயமா இல்லீங்களா?"

அக்கா என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வந்தா அவருதான கண்ணு வருவாரு. அந்த மூச்ச வெச்சுக்கிட்டு அஞ்சு மாடி ஏறி வரோணும். வந்து பாத்து, இந்த ஊடும் பூட்டிக் கெடந்துச்சுன்னா எங்க போவாரு?"